நாலாம் இடத்துக்கு ஒரு பேட்டரி

கடைசி மாடியில் இடதுபக்க வீட்டின் பால்கனியில் துணி காயப்போட இடம் கிடையாது. அங்கே ஒரு மேசை, ஒரு சால்டரிங் கோல், நகைக்கடையில் இருப்பதுபோல் சின்னதாக ஒரு மின்தராசு, ஒரு வாளி நிறைய மணல். மணல் எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். "பேட்டரி தீப்பிடிச்சா கொட்டுறதுக்கு" என்பார் வீட்டுக்காரர். வந்தவர்கள் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

அவரை எல்லோரும் கிராம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பார்சல் அலுவலகத்தில் எடை போடும் கவுண்டரில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தவர். பெட்டியைக் கையில் வாங்கும்போதே எடையைச் சொல்லிவிடுவார். தராசு பிறகு ஒப்புக்கொள்ளும். பெட்டிகளைத் தானே எடை போட்டுத் தானே பிரித்து அனுப்பும் இயந்திரம் வந்ததும் அவருக்கு மாலை போட்டு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எடை போட வேறு எதுவும் கிடைக்காததால் ட்ரோன் பேட்டரிக்கு வந்து சேர்ந்தார் என்பது அவர் மனைவியின் விளக்கம்.

மனைவி கிரேன் ஓட்டுகிறார். கன்டெய்னர் யார்டில், ஏணி ஏறிப் போய்க் கண்ணாடி அறையில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டு வேளைக்குத்தான் இறங்குவார். கன்டெய்னர்களின் தலையில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்க்க யார்டில் ஒரு ட்ரோன் வாங்கினார்கள். "ரிமோட் குச்சியைப் பிடிச்சுப் பழக்கமானவங்க யாரு?" என்று மேலாளர் கேட்டார். எல்லோரும் இவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்படித்தான் ஆரம்பித்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேட்மிண்டன் அரங்கில் நடக்கும் குட்டி ட்ரோன் பந்தயத்தில் அவரும் ஒரு ஆள்.

இந்த ட்ரோன் உள்ளங்கையில் அடங்கிவிடும். நான்கு விசிறி, கடுகளவு கேமரா, சுண்டுவிரல் பருமனில் ஒரு பேட்டரி. ஓட்டுகிறவர் பெரிய கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டால் ட்ரோன் பார்ப்பது மட்டும் தெரியும். தன் கையைக்கூடப் பார்க்க முடியாது. அரங்கைச் சுற்றி, படிக்கட்டு வழியாகப் பார்வையாளர் மாடத்துக்கு ஏறி, கூரை விட்டத்துக்கு அடியில் தொங்கும் வளையத்துக்குள் நுழைந்து இறங்க வேண்டும். இப்படி மூன்று சுற்று. முதல் நான்கு பேர் மண்டலப் போட்டிக்குப் போகலாம்.

கிரேன்காரம்மா இரண்டு வருஷமாக ஐந்தாவது வந்துகொண்டிருந்தார்.

"எனக்கு முதல் இடமெல்லாம் வேணாங்க. நாலாவது போதும்" என்று வீட்டில் சொல்லியிருந்தார். "மண்டலப் போட்டி கிடங்குல நடக்குதாம். கூரை அவ்வளவு உசரம். இங்க எங்க திரும்பினாலும் தலை இடிக்குது."

ஐந்தாவது வருவதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரிந்த ஒன்றுதான். மூன்றாவது சுற்றில் பேட்டரி தளர்ந்துவிடும். மாடத்தின் விளிம்பில், வளையத்துக்கு ஏறவேண்டிய அதே இடத்தில், ட்ரோன் மாடிப்படி ஏறும் ஆஸ்துமாக்காரர் மாதிரி நிற்கும். போன வருஷம் அந்த இடத்தில்தான், பந்தயத்துக்கு வரும் பல் டாக்டர் ஒருவர் அவரைத் தாண்டிப் போனார்.

கிராம் பேட்டரியில் கைவைத்தார்.

சின்ன பேட்டரியில் செய்வதற்கு அதிகம் இல்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவரும் அப்படித்தான் நினைத்து ஆரம்பித்து, பல மாதம் அதிலேயே கிடந்தார். பேட்டரியோடு வரும் பிளக்கின் முனைகள் ஊசியாக இருக்கும். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்து குழாய் மட்டும் ஊசியாக இருந்தால் என்ன ஆகும், அதுதான் அங்கேயும். அதை வெட்டி எறிந்துவிட்டு, முனை தடித்த பிளக்கை வைத்தார். வயரைப் பாதியாகக் குறைத்தார். மேலே ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரை உரித்து எடை போட்டார். ஒன்றும் காட்டவில்லை. பத்து ஸ்டிக்கரைச் சேர்த்துப் போட்டார். தராசு கொஞ்சம் அசைந்தது. நியாயம் கிடைத்த திருப்தி அவருக்கு.

இரண்டு வயரையும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது என்பதையும் அந்த மாதங்களில்தான் கற்றுக்கொண்டார். வெட்டினால் கத்தரிக்கோல் இரண்டுக்கும் நடுவில் பாலமாகி, தீப்பொறி பறக்கும். அந்தக் கத்தரிக்கோலின் அலகில் எலி கடித்ததுபோல் ஒரு பள்ளம் இருக்கிறது. வீட்டில் அதைக் கொண்டுதான் பால் பாக்கெட் வெட்டுகிறார்கள்.

ஒவ்வொரு பேட்டரியும் தன் சக்தியைத் தானே எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் மீட்டர் ஒன்று உண்டு. அதில் பார்த்து, குறைவாகத் தடுப்பவற்றை மட்டும் பந்தயத்துக்கு ஒதுக்கினார். பந்தயம் இல்லாத நாளில் பாதி சார்ஜிலேயே வைத்தார். முழுசாக ஏற்றி வைத்தால் சும்மா இருந்தே கெட்டுப்போகும். "சில மனுஷங்களும் அப்படித்தான்" என்றார் மனைவி, யாரையும் பார்க்காமல். பேட்டரி குளிர்ந்திருந்தால் மந்தமாக இருக்கும் என்பதால், பறக்கவிடும் முன் அவற்றைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றினார். அக்குளில் தெர்மாமீட்டர் வைத்த நோயாளிபோல் கையை இறுக்கிக்கொண்டு அவர் அரங்குக்குள் நடந்து வருவது எல்லோருக்கும் பழகிப்போனது.

இறுதிப் போட்டிக்கு முந்தைய புதன்கிழமை, புது பேட்டரி முதன்முறையாக மூன்று சுற்றும் பறந்தது. மூன்றாவது சுற்றிலும் தளரவில்லை. மாடத்தின் விளிம்பு வந்தது. ட்ரோன் ஏறியது. வளையத்தையும் தாண்டி ஏறி, கூரை விட்டத்தில் மோதிக் கீழே விழுந்தது.

"அக்கா, மேல ஒட்டடை இருந்துச்சா?" என்றார் சலூன்காரர். அவர்தான் போன வருஷம் முதலாவது. கத்தி பிடித்த கை என்பதால் நடுக்கமே கிடையாது, வாய்க்குத்தான் ஓய்வு கிடையாது.

இரண்டாவது பேட்டரியைப் போட்டார்கள். மூன்றாவது சுற்று, அதே விட்டம்.

"கிராமண்ணே, அந்தப் பக்கமும் துடைச்சாச்சு."

வீட்டுக்கு வந்ததும் கிராம் எல்லாவற்றையும் மீட்டரில் போட்டுப் பார்த்தார். தராசில் வைத்தார். ஒரு குறையும் இல்லை.

"பேட்டரியில ஏதோ இருக்குங்க" என்றார் மனைவி.

"பேட்டரி மேல தப்பில்ல."

"அப்போ என் மேலயா?"

கிராம் கொஞ்சம் யோசித்தார். "விட்டத்து மேல" என்றார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் கிராம் தண்ணீர்ச் செம்பைக்கூடக் கேட்டு வாங்கவேண்டியதாக இருந்தது.

மறுநாள் பழைய பிளக் வைத்த பேட்டரியைப் போட்டுப் பறந்து பார்த்தார்கள். விட்டத்தில் மோதவில்லை. எல்லோரோடும் சேர்ந்து ஓட்டியதில் மனைவி ஐந்தாவது வந்தார். ஆக, கணக்கு எளிதாக இருந்தது: புது பேட்டரி என்றால் விட்டம், பழைய பேட்டரி என்றால் ஐந்தாம் இடம்.

வெள்ளிக்கிழமை மாலை மறுபடியும் புதியது. இரண்டு சுற்று முடிந்தது. மூன்றாவதில் ட்ரோன் மாடத்தை நெருங்கும்போது கிராமுக்கு அதைப் பார்க்க மனம் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். குனிந்த இடத்தில் ரிமோட்டைப் பிடித்திருந்த மனைவியின் கைகள் இருந்தன. இடது கட்டைவிரல், அதாவது விசிறிக்கு வேகம் கொடுக்கிற விரல், மாடத்தின் விளிம்பு வந்ததும் கிடுகிடுவென்று மேலே போனது. மேலே 'டக்' என்று சத்தம் கேட்டது.

"நீ ஏம்மா அந்த இடத்துல விரலை ஏத்துற?"

"நான் எங்க ஏத்துனேன்?"

"ஏத்துற. நான் பாத்தேன்."

"கண்ணாடியைப் போட்டுட்டு நானே என் விரலைப் பாக்கல, நீங்க பாத்தீங்களாக்கும்?"

"வேற எதையும் பாக்க முடியல" என்றார் கிராம்.

நடந்து வரும் வழியில் அவருக்கு விஷயம் விளங்கியது. இரண்டு வருஷமாகப் பேட்டரி அந்த இடத்தில் தளரும். தளர்ந்ததும் விரல் கொஞ்சம் அதிகமாகக் கொடுத்துத் தூக்கும். கடைசியில் விரல், தளர்கிறதா என்று பார்ப்பதையே விட்டுவிட்டது. இப்போது பேட்டரி தளராமல் வருகிறது. விரலுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

"பேட்டரியைச் சரி பண்ணிட்டேன். உன் விரல் பழைய பேட்டரியை ஓட்டிட்டு இருக்கு" என்றார்.

மனைவி நின்றுவிட்டார். "அப்போ என் மேலதான் தப்பு."

"தப்புன்னு சொல்லலம்மா. பழக்கம்."

"நாளன்னிக்குப் போட்டி. ரெண்டு வருஷப் பழக்கம் நாளன்னிக்குள்ள போயிடுமா? நீங்க மூக்கை உறிஞ்சிட்டுப் பேசறது இன்னும் போகல."

கிராம் மூக்கை உறிஞ்சாமல் கொஞ்ச தூரம் நடந்தார். கஷ்டமாகத்தான் இருந்தது. பிறகு கேட்டார்: "யார்டுல சரக்கு இருக்கிற பெட்டியும் வரும், வெறும் பெட்டியும் வரும். வெறும் பெட்டியை நீ முழுப் பெட்டி மாதிரி இழுத்தா?"

"குதிச்சு மேல வரும். அடுத்த பெட்டியில இடிக்கும்."

"இடிச்சிருக்கியா?"

"எதுக்கு இடிக்கறேன்? கீழ இருக்கிற சிக்னல் அண்ணன் 'வெறும் பெட்டி'ன்னு ஒரு கத்து கத்துவாரு. கை தானா இறங்கிடும். நான் யோசிக்கக்கூட மாட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பந்தயத்தில் ஓட்டுகிறவர் பக்கத்தில் ஒரு துணை ஆள் நிற்கலாம். என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், தொடத்தான் கூடாது. கிராம் இதுவரை அந்த இடத்தில் நின்று பேட்டரிக்குச் சூடு காட்டியதோடு சரி.

"அவர் எவ்வளவு சத்தமா கத்துவாரு?"

"ரெண்டு லாரிச் சத்தத்துக்கு மேல கேக்கும்."

கிராமுக்குக் கவலையாகிவிட்டது. பார்சல் கவுண்டரில் அவர் குரல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனதே இல்லை. ஜனங்கள் உதட்டைப் பார்த்தே எடையைப் புரிந்துகொண்டார்கள். சனிக்கிழமை அரங்கில் பேட்மிண்டன் ஆட்கள் இருந்ததால் பறந்து பார்க்க வழியில்லை. பால்கனியில் நின்று கத்தியாவது பழகலாம் என்று மனைவி வேலைக்குப் போனபின் முயன்றார்.

"வெறும் பெட்டி!"

கீழ்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, வீடு மாத்துறீங்களா?"

"இல்லம்மா."

"வெறும் பெட்டி மிச்சமிருந்தா எனக்கு ரெண்டு குடுங்க. பழைய துணியைக் கட்டி வைக்கணும்."

ஒரு பெட்டிதான் இருந்தது. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதற்குமேல் கத்த அவருக்கு வரவில்லை.

ஞாயிறு. இறுதிப் போட்டியில் ஆறு பேர். ஆறு ட்ரோன்களும் கிளம்பியதும் அரங்கில் ஆயிரம் கொசு எழுந்ததுபோல் சத்தம். சலூன்காரர் முன்னால் போனார். முதல் சுற்றில் கிரேன்காரம்மா ஐந்தாவது. இரண்டாவது சுற்றிலும் ஐந்தாவது. முன்னால் பல் டாக்டர். மூன்றாவதில் டாக்டரின் ட்ரோன் படிக்கட்டில் மூச்சு வாங்க ஆரம்பித்தது; மாடத்துக்கு வந்தபோது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

கிராம் ட்ரோனைப் பார்க்கவில்லை. விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறும் பெட்டி" என்றார்.

அது அவருடைய காதுக்கே சரியாக எட்டவில்லை. விரல் மேலே நகர ஆரம்பித்திருந்தது.

"வெறும் பெட்டீ!"

அரங்கு முழுக்கத் திரும்பியது. மாடத்தில் உட்கார்ந்திருந்த யாரோ பையைக் கீழே போட்டார்கள். கிரேன்காரம்மாவின் கட்டைவிரல், யாரையும் கேட்காமல், யார்டில் எத்தனையோ ஆயிரம் தடவை இறங்கியதுபோல் இறங்கியது. ட்ரோன் வளையத்தின் நடுவில் நுழைந்து அந்தப் பக்கம் போனது. பல் டாக்டர் விளிம்பிலேயே திணறிக்கொண்டிருந்தார்.

நாலாவது.

"அண்ணே, என்ன மந்திரம் அது?" என்று சலூன்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வந்தார். முதல் இடம் வாங்கியவரை யாரும் கவனிக்காததில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். "நான் பயந்துட்டேன், நல்லவேளை முன்னாடியே தாண்டிட்டேன். மண்டலப் போட்டிக்கும் வருவீங்களா?"

"வந்துதானே ஆகணும்" என்றார் கிராம். அவர் ஊரைவிட்டு வெளியே போய்ப் பல வருஷம் ஆகிறது. தொண்டை கட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பையிலிருந்து சாவியை எடுத்தார். கதவைத் திறக்கும்போது, சாவியைப் பார்த்துக்கொண்டே, "பேட்டரி நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றார். மாதக்கணக்கில் கிராம் எதிர்பார்த்திருந்த வார்த்தை அது. வந்தபோது சட்டைக்குள்ளிருந்து பேட்டரியை எடுத்துக்கொண்டிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். மனைவி மறுத்துவிட்டார்.

நாலாம் இடத்துக்குக் கோப்பை கிடையாது. பெயர் எழுதி ஒரு சான்றிதழ் கொடுத்திருந்தார்கள். கிராம் அதைப் பால்கனிக்கு எடுத்துப்போய்ச் சுருட்டித் தராசில் வைத்தார். ஐந்து கிராம்.

"சட்டம் போட்டு மாட்டலாமா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் மனைவி.

"போடலாம்" என்றார் கிராம். "எடை கூடிடும்."