சேராங்கொட்டை

பங்குனியில் புருஷன் சுப்புராயன் வருகிறான் என்ற செய்தி கிடைத்ததும் தையலம்மாள் கையைத் தலைக்குத்தான் கொண்டுபோனாள்.

அவன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சைகோனுக்குக் கப்பலேறியபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பின்னலை முன்னால் எடுத்துப் போட்டால் மடியில் விழும். நடுவே ஒரு முறை விடுப்பில் வந்து போனான். பிள்ளை தங்கவில்லை. பிறகு ஒரு விஷக்காய்ச்சல். படுக்கையிலிருந்து எழுந்தபோது நெற்றியிலிருந்து உச்சிவரை முடி வெளுத்திருந்தது. இப்போது முப்பத்து நாலு. வில்லியனூர்ச் சந்தையில் முன்பின் தெரியாதவர்கள் பெரியம்மா என்று சொல்லி வழிவிட்டார்கள்.

செய்தி கொண்டுவந்தவன் மாரிமுத்து, அதே பட்டாளத்துக்காரன்.

"அங்க பொம்பளைங்க பல்லுக்குக் கறுப்பு ஏத்திக்கிறாளுங்க அண்ணி. அதான் அழகாம்."

"இங்க தலைக்கே கறுப்பில்ல" என்றாள் மாமியார் காசம்மாள், முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எம்புள்ள வந்து இன்னாத்தப் பாப்பான்? மண்ணாடிப்பட்டுக்குச் சொல்லி அனுப்பிட்டேன்."

மண்ணாடிப்பட்டில் காசம்மாளின் அண்ணன் வீடு இருந்தது. அண்ணன் மகள் தனக்கொடிக்குப் பதினேழு வயது.

மாரிமுத்து சிரித்தான். தையலம்மாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

மறுநாள் வண்ணாத்தி ஆதிலட்சுமி வெளுப்புக் கொண்டுவந்தாள். தையலம்மாளின் கலியாணப் புடவை நைந்து நூலாகியிருந்தது. ஓரத்தில் அந்த வீட்டுக்கு வண்ணான் வைத்த குறி, மூன்று புள்ளி ஒரு கோடு, நேற்று வைத்ததுபோல் இருந்தது.

"இது போவவே போவாதா?"

"சேராங்கொட்டைப் பாலும்மா. துணி போனாலும் அது போவாது."

"தலைக்குப் போட்டா?"

"நல்லா கேட்டீங்க போங்க. எங்க வூட்டுக்காரரு கையப் பாத்திருக்கீங்களா, முதலைத் தோலு. எண்ணெ தடவிக்கினுதான் தொடுறாரு, அப்பவும் வெந்துபூடுது. தலைக்காம்!"

எண்ணெய் தடவிக்கொண்டு தொடலாம். அது மட்டும் தையலம்மாளுக்குள் நின்றது.

மாட்டுக்கு என்று சொல்லிக் கடைவீதியில் கொட்டை வாங்கினாள். மாமியார் கரும்புக் கொல்லைக்குப் போன பகலில், முகம், காது, பிடரி எல்லாம் நல்லெண்ணெய் வழியத் தடவினாள். கொட்டையைச் சுட்டுப் பால் இறக்கி, விளக்குக் கரியும் ஆமணக்கெண்ணெயும் குழைத்து, ஈர்க்குச்சியால் இழை இழையாக ஏற்றினாள். சாயங்காலம் முழுகிவிட்டுக் கண்ணாடி பார்த்தாள். துணிக்குறியின் அதே கறுப்பு.

"இன்னாடி பண்ண?"

"கரிசலாங்கண்ணி அத்தே."

"ஒரே நாள்லயா?" காசம்மாள் சுற்றி வந்து பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தக் குரலில் சந்தோஷம் இல்லை. தையலம்மாளுக்கு அது போதுமாக இருந்தது.

விடியலில் அரிப்பு எடுத்தது. பகலில் முகம் வீங்கிக் கண் இடுக்காயிற்று. நெற்றி ஓரமெல்லாம் நீர் கோத்த கொப்புளம். காசம்மாள் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நிலையில் வேப்பிலை செருகினாள். மாரியாத்தா வந்துவிட்டாள் என்று தெருவுக்குச் சேதி போயிற்று.

சொல்லிவிடலாம். சொன்னால், தலைக்கு மை போட்டுப் புருஷனை ஏமாற்றப் பார்த்தவள் என்று ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் வாசலில் நின்று கும்பிடுகிறார்கள். அன்று முழுவதும் அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அடுத்த நாள் காலையில் வண்டி வந்து நின்றது. சுப்புராயன் குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

"உள்ள வராதடா" என்றாள் காசம்மாள். "ஆத்தா எறங்கியிருக்கா. கப்பல்ல வந்த ஒடம்பு. அப்படியே மண்ணாடிப்பட்டுக்குப் போயிடு. மாமா வூட்ல இரு. தலைக்குத் தண்ணி ஊத்துனதும் ஆள் அனுப்புறேன்."

"எத்தினி நாளும்மா?"

"ஆத்தா மனசு."

தையலம்மாள் எழுந்தாள். சுவரைப் பிடித்து நிலைக்கு வந்தாள். வேப்பிலையைப் பிய்த்து எறிந்தாள்.

"ஆத்தா இல்ல. சேராங்கொட்டை. நான்தான் தலைக்குப் போட்டுக்கினேன். போவாதீங்க."

தெருவில் எல்லோருக்கும் கேட்டது.

"ஆத்தா பேசுறாடா!" காசம்மாள் மண்ணில் விழுந்தாள். "நான் இல்ல நான் இல்லன்னுதான் சோதிப்பா. கும்பிடுடா!"

"நான் தையலுங்க."

கண்ணின் இடுக்கு வழியாக அவனைப் பார்த்தாள். தொப்பி, தொந்தி, நரைத்த மீசை. அவனும் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த முகம் அங்கே இல்லை. தெரிந்த கூந்தல் இருந்தது, அவிழ்ந்து, இடுப்புக்குக் கீழே, கன்னங்கரேலென்று. சுப்புராயன் தொப்பியைக் கழற்றினான். பூட்ஸையும் கழற்றினான். கைகூப்பினான்.

காசம்மாள் முட்டியில் மண்ணோடு எழுந்து வண்டிக்காரனிடம், "ஓட்டுப்பா" என்றாள்.

வீக்கம் வடிந்தது. அவன் திரும்பி வந்தபிறகு தையலம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள், கொட்டையைக்கூடக் காட்டினாள். அவன் கேட்டுக்கொண்டான். ஆனாலும் அவள் பக்கம் கால் நீட்டிப் படுக்கப் பயந்தான். தனிப் பாய் போட்டுக்கொண்டான்.

ஆனியில் தனக்கொடி கழுத்தில் அவன் கையால் தாலி ஏறியது. பந்தலில் தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு சுற்றியவள் தையலம்மாள். கூந்தல் கறுப்பாகத்தான் இருந்தது. வகிட்டின் இரு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளை ஏறியிருந்தது. அதன்மேல் பூ வைத்திருந்தாள்.