வட்டில் பதிந்த வேட்டி

ஈரச் சிமெண்டின் வாசனை வந்தால் எனக்கு இட்லி நினைவுக்கு வரும். இந்த ஊரில் அது ஒரு தொல்லை. எந்தத் தெருவில் திரும்பினாலும் எதையோ இடித்து எதையோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள்; புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள். சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த அந்த மூச்சு மூக்கில் ஏறியதும் நான் நிற்கும் செம்பூரோ மாட்டுங்காவோ விலகிப்போய், தாராவியில் அண்ணன் வீட்டு ஒற்றை அறையும், அறை நிறைந்த ஆவியும், ஆவிக்குள் மதினியின் முதுகும் வந்து நிற்கும். நேற்றும் வந்து நின்றது. ஆனால் நேற்று வாசனை தெருவிலிருந்து வரவில்லை. மூன்று மழைக்காலமாக என் மேசைமேல் கிடந்த ஒரு சிமெண்ட் வட்டை எடுத்து வாளித் தண்ணீரில் போட்டேன்; அதிலிருந்து வந்தது. இட்லி அளவுதான் அது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் புடைப்பு. புடைத்த பக்கம் முழுக்கத் துணி நெசவின் வரி, ஊடும் பாவுமாக.

அந்த நாட்களில் நான் செம்பூரில் ஒரு சிறிய கடலாய்வுக் கூடத்தில் உதவியாளனாக இருந்தேன். கரையோரப் பாறை ஒன்று கட்டுமானத்துக்காக மூடப்பட இருந்தது. அதில் ஒட்டியிருந்த பவள உயிர்களை அனுமதி வாங்கிப் பெயர்த்து எடுத்து வந்து, தொட்டியில் வளர்த்து, தெற்கே வேறொரு பாறையில் நட்டுவிட வேண்டும். அதுதான் வேலை. பவளத்தை நறுக்கினால் செத்துப்போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேர்மாறு. நகத்தளவுத் துண்டுகளாக்கி, சிறிது இடைவெளி விட்டு ஒட்டிவைத்தால், முழுதாக இருந்தபோது வளர்ந்ததைவிட வேகமாக அது தன் ஓரத்தை விரிக்கும். ஒரே தாயின் துண்டுகள் சந்திக்கும் இடத்தில் தையல்கூடத் தெரியாமல் ஒன்றாகிவிடும். வெட்டுப்பட்டதற்குத்தான் அந்த அவசரம் வரும்போல. எனக்கு அது அப்போது விஞ்ஞானமாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

துண்டுகளை ஒட்ட வட்டுகள் வேண்டும். வெளியிலிருந்து வரவேண்டியவை தாமதமாயின. நான்தான் முந்திக்கொண்டு, நாங்களே வார்த்துவிடலாம் என்றேன். வீட்டிலிருந்து இட்லித் தட்டை எடுத்துவந்தேன். வட்டு ஒட்டாமல் வரவேண்டுமே என்று, என் மனைவி செய்வதைப்போல, குழியில் எண்ணெய் தடவிச் சிமெண்டை ஊற்றினேன். பளபளவென்று வந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒட்டிய மூன்றாம் நாள் காலையில் துண்டுகள் அத்தனையும் பசையோடு பெயர்ந்து தொட்டியின் அடியில் கிடந்தன. வாரக் கடைசிக்குள் ஓரம் வெளுத்தது. பிறகு முழுதும் வெளுத்தது. கூடத்தை நடத்தும் மேடம் ஒரு வட்டை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்து, என்ன தடவினாய் என்று இந்தியில் கேட்டார். சொன்னேன். அவர் திட்டவில்லை. மூலைத் தொட்டியில் தனியாக இருந்த ஒரேயொரு பவளத்தைக் காட்டினார். “அந்தப் பாறையிலிருந்து வந்ததில் இது ஒன்றுதான் மிச்சம். பாறை இப்போது மண்ணுக்கடியில் போய்விட்டது.” திட்டியிருக்கலாம்.

அன்று வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் தாராவிக்குப் போனேன். அண்ணன் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. விடியுமுன் இட்லி அவித்து, சைக்கிளில் தூக்குகளோடு வரும் வியாபாரிகளுக்குக் கொடுத்துவிடுவதுதான் மதினியின் பிழைப்பு. அண்ணன் இருந்தவரை மாவு வாளி தூக்குவதும் தண்ணீர் பிடிப்பதும் அவன். வேலைபார்த்த பட்டறைக்கு விடுமுறை என்றாலும் உட்காரமாட்டான். யாருடைய குழாயையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருப்பான். நான் நடந்ததைச் சொன்னபோது மதினி தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். எண்ணெய் என்ற சொல்லில் அவர் கை நின்றது.

“எண்ணெயா? ஏன் கொழுந்தனாரே, கல்யாணம் ஆகுற வரைக்கும் என் கையாலதான தின்னீரு. ஒருநாளாச்சும் இட்லில எண்ணெ மணந்துச்சா?”

“இல்ல மதினி.”

“பொறவு? பொண்டாட்டி வந்ததும் பழகுனதெல்லாம் மறந்துட்டாக்கும். நனைச்ச துணி போட்டு ஊத்தணும். துணி தட்டையும் விடும், மாவையும் விடும். ஆனா வரி மட்டும் இட்லில இருக்கும். வழுக்குற எடத்துல யாருதான் ஒக்காருவா? அந்தச் சீவனுக்கும் பிடிக்கதுக்கு ஒரு சொரசொரப்பு வேணும்லா?”

ஞாயிறு மதியம் நான் சிமெண்டும் சலித்த மணலும் கொண்டுபோனேன். பரணிலிருந்து ஓட்டை விழுந்த பழைய தட்டுகளை இறக்கி வைத்திருந்தார். துணிதான் சிக்கல். இட்லிக்குப் போடுவதைச் சிமெண்டுக்குப் போட முடியாது. சிறிது நேரம் அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு தகரப் பெட்டியைத் திறந்து, மடிப்புக் கலையாத அண்ணன் வேட்டி ஒன்றை எடுத்தார். வேண்டாம் மதினி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கரையைப் பல்லால் கடித்து ஒரே இழுப்பு. அந்த அறையில் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு நீளமான சத்தத்தை நான் கேட்டதில்லை.

புதுச் சிமெண்ட் காரம் விடும்; காரம் போகும்வரை ஊறவைத்துத் தினம் தண்ணீர் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தேன். குழாயில் காலையில் முக்கால் மணி நேரம் தண்ணீர் வரும் சந்தில், தன் பங்கிலிருந்து நாளுக்கு ஒரு குடம் அந்த வட்டுகளுக்கு எடுத்து வைத்தார். “குளிக்காட்டி நான் செத்தா போவேன்?” என்றார். ஊறிய தண்ணீரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே தேய்ப்பார். சோப்பைப்போல வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. இருபத்துநான்காம் நாள் வழுக்கவில்லை. கூடத்தில் கருவியை வைத்துப் பார்த்தோம். அதுவும் சரி என்றது.

வட்டுகளைப் பையில் கட்டிக்கொண்டு அவரே பஸ்ஸில் வந்தார். தொட்டிக்குள் எட்டிப்பார்த்தவர் தன் காதுத் தோட்டைத் தொட்டுக்கொண்டார். “இதா பவளம்? என் தோட்டுல இருக்கது செவப்பால்லா இருக்கு. இது வேகாத அதிரசம் மாதிரில்லா இருக்கு!” மேடம் என்னைப் பார்த்தார். நான் மொழிபெயர்த்தேன். அந்தக் கூடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கடைசிப் பவளத்தை நறுக்கி, நெசவு வரியின்மேல் ஒட்டினோம். அடுத்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. பிறகு ஒரு காலையில், துண்டின் ஓரத்திலிருந்து ஈரப் படலம்போல ஒன்று இறங்கி இரண்டு இழைகளைத் தாண்டியிருந்தது. அடுத்த வாரம் ஐந்து. நான் இழைகளை எண்ணியே வளர்ச்சியைக் குறித்தேன். பக்கத்துத் துண்டின் ஓரமும் எதிர்ப்பக்கமிருந்து வந்து, இரண்டும் தொட்டுக்கொண்டு, ஒன்றாயின. ஓடிப்போய் மதினியிடம் சொன்னேன்.

“முழுசா மூடிருமோ?” என்றார்.

“மூடணும் மதினி. வட்டே கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதான் பிடிச்சதுக்கு அடையாளம்.”

“நல்லது” என்று சொல்லித் தட்டுகளை அடுக்கத் தொடங்கினார். தட்டுகள் ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தன. சுனாபட்டி நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த வரி அண்ணனுடையது. என் வெற்றி என்று நான் குதித்துக்கொண்டு போய்ச் சொன்னது, அவன் தடம் இழை இழையாக மறைந்துகொண்டிருக்கிறது என்பதை. மறுநாள், எதுவும் ஒட்டாமல் மிச்சமிருந்த ஒரு வட்டை எடுத்துத் தனியாக வைத்தேன்.

குளிர்காலத்தில், கடல் நன்றாக வற்றும் ஒரு காலையில், அவற்றைப் பாறையில் நட்டோம். போன மாதம் போய்த் தேடினேன். வட்டுகளைக் காணவில்லை. அலை அடித்துப் போய்விட்டதோ என்று பதறி முழங்கால் தண்ணீரில் குனிந்தேன். போகவில்லை. பாறைமேல் வேகாத அதிரச நிறத்தில் பவளம் படர்ந்து கிடந்தது. எங்கே வட்டு முடிகிறது, எங்கே பாறை தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. மதினி போன வருடம் நெருளில் மகள் வீட்டில் இறந்துபோனார். நான் போய்ச் சேர்ந்தபோது பேச்சு நின்றிருந்தது.

இன்று காலை வாளித் தண்ணீரில் விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். வழுக்கவில்லை. தொட்டியில் அந்தத் தாய்ப் பவளத்தின் துண்டு ஒன்று மிச்சம் இருக்கிறது என்கிறார் மேடம். மாலையில் கொண்டுபோகிறேன். மேசையில் வட்டு இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் வட்டமாக இருக்கிறது.

இந்த வட்டை நான் மதினியிடம் ஒருமுறை கொடுத்தேன். முழங்கால் விட்டுப்போய், இட்லிக் கொப்பரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, அவர் நெருளுக்குக் கிளம்பிய நாள். செம்பூர் ஸ்டேஷன். பன்வெல் வண்டி வருவதற்குச் சற்று முன்னால் காகிதத்தில் சுற்றி அவர் கையில் வைத்தேன். பிரித்தார். கட்டைவிரலால் இழைகளை ஒருமுறை தடவினார், காரம் பார்ப்பதைப்போல. வண்டி வந்துவிட்டது. பெண்கள் பெட்டியில் யாரோ கைகொடுத்து ஏற்றினார்கள். கம்பியைப் பிடித்துத் திரும்பி நின்றவர், நெரிசலுக்குள்ளிருந்து கையை நீட்டி வட்டை என்னிடமே திருப்பித் தந்தார்.

“இதுலயும் ஒண்ண ஒட்டிரும். உம்ம அண்ணன் ஒருநாளும் சும்மா இருந்து நான் பாத்ததில்ல, தம்பி.”