பீ-ஷியாவின் பழைய லேப்டாப்பும் பச்சைப் பொட்டலமும்

தைவானில், எங்கள் காவ்சியுங் துறைமுகத்தில் எந்தக் கல்யாண மண்டபத்துக்குப் போனாலும், ஒலிபெருக்கிக்குப் பின்னால் மூலை மேசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைப் பார்க்கலாம். அவள்தான் பீ-ஷியா. காலையில் மாப்பிள்ளை வந்து பெண்ணை அழைத்துப்போகிற காட்சிகளை, மதிய விருந்து முடிவதற்குள் வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, திரையில் ஓடவிடுவது அவள் வேலை. நான் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துகிறவள். அவள் தலையசைத்தால்தான் நான் "இதோ படம்!" என்று சொல்ல முடியும்.

அவள் லேப்டாப்பைப் பார்த்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். விசைகளில் பாதிக்கு எழுத்தே இல்லை. மூடியின் ஒரு பக்கம் டேப்பில் நிற்கிறது. கணவன் இறந்த வருடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதில் உழைத்துத்தான் மகளை நர்ஸாக்கினாள்.

"இதை எப்படிக்கா தூக்கிப் போடுவேன்? எனக்குச் சோறு போட்ட கை இது" என்பாள் என்னிடம்.

ஆனால் கைக்கு வயசாகிவிட்டது. உள்ளே இடமில்லை, ஒரு காட்சியைத் திறப்பதற்குள் சூப் ஆறிவிடும். கேமராக்காரன் ஆ-ஷெங்தான் வழி கண்டுபிடித்தான். அவள் பிறந்தநாளுக்கு, பாதி சோப்புக்கட்டி அளவில், படங்களைச் சேமிக்கும் ஒரு வேகமான டிரைவ் வாங்கி வந்து லேப்டாப்பில் செருகிக் கொடுத்தான். பழைய துளை வழியாக அதன் முழு வேகம் வராதாம். வந்த வேகத்துக்கே பீ-ஷியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"டேய், கிழவிக்குப் புதுக்கால் முளைச்ச மாதிரி இருக்குடா!"

"எந்தக் கிழவிக்கு?" என்றான் அவன். முதுகில் ஒரு அடி வாங்கினான்.

அப்படிப்பட்ட பொருளைக் காப்பில்லாமல் விடலாமா? எங்கள் ஊரில் எந்த இயந்திரத்தின் மேலும் பச்சைப் பொட்டலத் தேங்காய்ப் பொரி ஒன்று இருக்கும். அது இருந்தால் இயந்திரம் நல்ல பிள்ளையாக நடக்கும். ஓடுகிற இயந்திரத்தில் எரியும் பச்சை விளக்கு மாதிரி, பச்சைதான் வேண்டும், காலாவதி ஆகக் கூடாது, யாரும் தின்னவே கூடாது. பீ-ஷியா டிரைவின் மேலேயே பொட்டலத்தை வைத்து, கல்யாணச் சிவப்பு ரிப்பனால் இறுக்கிக் கட்டி, லேப்டாப்பை ஒட்டிப் படுக்க வைத்தாள்.

அன்று யுன்-சூவின் கல்யாணம். அப்பா ஹோங் அண்ணன் மீன்பிடிக் கப்பலில் இன்ஜின்காரர். கப்பல் அன்று மாலையே கிளம்புகிறது. போனால் திரும்ப இரண்டு வருடம். விருந்தின் கடைசியில் சூப் வருவதற்கு முன் அவர் மண்டபத்தை விட்டு இறங்கியாக வேண்டும்.

காலையில் மகளின் முகத்திரையை இறக்கிவிட்டவர் அவர்தான். கார் கிளம்பியதும், கொட்டிய தண்ணீர் திரும்பாது என்ற சடங்குப்படி, பின்னாலேயே ஒரு கிண்ணம் தண்ணீர் ஊற்றியவரும் அவர்தான். பழைய கோபதாபங்களை விட்டுப்போகும் அடையாளமாகப் பெண் ஜன்னல் வழியே விசிறியைப் போட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பது முறை. அதை அவரும் அறிவார். ஆனாலும் மண்டபத்தில் ஒவ்வொரு மேசையிலும் மதுக் கிண்ணத்தை உயர்த்தும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்:

"ஒரு தடவைகூடத் திரும்பலையே! புருஷனைப் பார்த்ததும் அப்பன் மறந்துபோச்சு!"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் கண் சிரிக்கவில்லை. அதைக் கேட்டதும் பீ-ஷியாவின் கை நின்றுவிட்டது. ஆ-ஷெங் வெளியே படமெடுக்க, காரின் முன்சீட்டில் இன்னொரு கேமராவோடு இருந்தவள் அவள். பார்த்ததை அவள் மட்டுமே அறிவாள்.

அந்தக் கார் காட்சிதான் டிரைவுக்குக் கடைசியாக ஏறிக்கொண்டிருந்தது. அதுவரை பறந்த டிரைவ் நத்தையாக ஊர்ந்தது. எவ்வளவு ஏறியது என்று திரையில் காட்டும் கோடு நகரவே இல்லை.

"அக்கா, கார் காட்சியை விட்டுடு. இருக்கிறதைப் போடு, நேரமில்லை" என்றான் ஆ-ஷெங்.

"முடியாதுடா. அது இல்லாம இந்தப் படமே வேண்டாம்."

"அப்போ அவரைக் கூப்பிட்டுக் கேமராவிலேயே காட்டிடு!"

"உள்ளங்கை அளவு திரையில, இந்தச் சத்தத்துல ஒளிச்சு வச்சுக் காட்டுறதா? மக பக்கத்துல நிக்கணும்டா."

நான் மேடையில் இல்லாத பொல்லாத ஜோக்கெல்லாம் சொல்லி நேரம் கடத்திக்கொண்டிருந்தேன். மேசை மேசையாகக் குடித்ததில் ஒரு வாய்கூடச் சாப்பிடாத ஹோங் அண்ணன், பசி தாங்காமல் மூலைக்கு வந்தார். பொட்டலம் கண்ணில் பட்டது. ரிப்பனை உருவினார், பொட்டலத்தை எடுத்துக் கிழித்தார், வாயில் போட்டார்.

பீ-ஷியாவுக்கு உயிரே போய்விட்டது. "அண்ணே! என்ன பண்ணிட்டீங்க! அது மிஷினுக்கு வச்சது!"

"ஐயோ, தெரியாம... மிஷின் மேல இல்லாம பக்கத்துல கிடக்குதேன்னு... பசிம்மா." கையில் இருந்த பொரியைத் திருப்பிப் பொட்டலத்துக்குள் போடப் பார்த்தார்.

"அக்கா, இங்க பாரு!" என்று கத்தினான் ஆ-ஷெங். கோடு நகர்ந்தது!

பீ-ஷியா டிரைவைத் தொட்டாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். தோசைக்கல் மாதிரிக் கொதித்தது. லேப்டாப் ஊதிய அனலும், டிரைவின் சொந்தச் சூடும், மேலே பஞ்சுப்பொதி போன்ற பொட்டலமும்! அவள் பாசத்தால் போர்த்திய போர்வையிலேயே அது மூச்சுத் திணறியிருக்கிறது. கம்பி எட்டும் தூரம் தள்ளி, காலியான உலோகத் தட்டின் மேல் ஏசிக் காற்றில் வைத்தாள். கோடு ஓடியது. அவள் விரல்களும் ஓடின.

ஹோங் அண்ணன் பையைத் தோளில் மாட்டிய நேரம் அவள் தலையசைத்தாள்.

விளக்குகள் அணைந்தன. கார், விசிறி, தண்ணீர். பிறகு காருக்குள்ளே யுன்-சூ. திரும்பவில்லை. ஆனால் காருக்கு வெளியே இருக்கும் பக்கக் கண்ணாடியை நோக்கிக் குனிந்திருக்கிறாள். அந்தக் கண்ணாடிக்குள், கையில் காலிக் கிண்ணத்தோடு, சிறுத்துக்கொண்டே போகும் ஓர் உருவம். கார் தெருமுனை திரும்பும்வரை அவள் கண் இமைக்கவில்லை. கடைசியில் ஜன்னல் கண்ணாடியின் மேல் விரலை வைத்து, "அப்பா" என்கிறாள்.

அரங்கில் சாப்பிடும் குச்சி ஒன்றுகூட அசையவில்லை. உடை மாற்றிக்கொண்டு வந்து நின்ற யுன்-சூ, இருட்டிலேயே ஓடி அப்பாவின் சட்டையைப் பிடித்தாள்.

"திரும்பக் கூடாதுன்னு நீதானேப்பா சொன்ன!"

"சொன்னேன்டா... சொன்னேன்டா கண்ணு." மகளின் தலையைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

பீ-ஷியா படத்தை அவர் போனில் ஏற்றிக் கொடுத்தாள். கடலில் சிக்னல் இருக்காது, படம் இருக்கும். அவர் இரண்டு கையாலும் போனை வாங்கி, இடுப்பு வரை குனிந்தார். பீ-ஷியாவும் குனிந்தாள். யார் யாருக்கு நன்றி சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "உங்க பொட்டலம் ஒண்ணு நான் தரணும்!"

"ரெண்டு வருஷம் கழிச்சா? காலாவதி ஆயிடும் அண்ணே!"

"புதுசா வாங்கிட்டு வரேன். பச்சைதானே?"

"பச்சைதான். ஆனா இனிமே தூரமாத்தான் வைப்பேன்!"

அவர் போன பிறகு, தட்டில் குளிர்ந்து கிடந்த அந்தச் சின்ன டிரைவை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள் பீ-ஷியா. பிறகு கிழிந்த பொட்டலத்தை ஆ-ஷெங்கிடம் நீட்டினாள்.

"மிச்சத்தைத் தின்னுடா. எல்லாம் நீ இந்த டிரைவை வாங்கிக் கொடுத்ததால வந்தது."