அளவுக்குக் கொடுத்த கிடார்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் மாமியார் வாசல் கதவுக்கு மேல் அடித்துவிட்டுப் போன மந்திரத் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தவனும் நான்தான். பிழைப்பு ஏசி மெக்கானிக். ஒரு மெஷின் ஓடவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கும், அது தெரியவில்லை என்றால் எனக்கு வேலை தெரியவில்லை, அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் அதையே சொல்வேன். நம்ப முடியாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்குக் கோபம் இல்லை.

கல்யாண வீடியோவை விசிடியில் போட்டுக் கொடுத்த காலம் அது. பகலில் முடிச்சூரில் ஏசி, சாயங்காலம் ரவி மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் கிடார். அடி சுரங்களை வாசிக்கிற எங்கள் பேஸ் கிடார்காரன் செல்வம் துபாய்க்குப் போய்விட்டான். மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சாதிக், இனிமே பேஸையும் நீயே பார்த்துக்கணும். முடியலேன்னா சொல்லிடு, கீபோர்டு பிரதீப்பைப் போட்டுக்கறேன். அவன் ரெண்டையும் ஒரே ஆளா முடிச்சிடுவான்."

எட்டு வருஷம் வாசித்தவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை. அப்போது ஊர் முழுக்க கீபோர்டுக்காரர்கள்தான் எங்களை மாதிரி ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பாரிடோன் கிடார் என்று ஒன்று உண்டு. சாதாரண கிடாரைவிடக் கழுத்து நீளம், கம்பி தடிமன், சத்தம் நன்றாகக் கீழே இறங்கும். அது இருந்தால் இரண்டு வேலையையும் ஒரே ஆள் ஓரளவு சமாளிக்கலாம். கடைகளில் கிடைக்கவில்லை. செய்துதான் வாங்க வேண்டும்.

தாம்பரம் கிழக்கில் ஒரு சந்துக்குள் தனபால் என்று ஒருவர் கடை வைத்திருந்தார். கடையில் எல்லாக் கிடாரும் சுவரைப் பார்த்துத் தொங்கும், முதுகுதான் நமக்குத் தெரியும். ஏன் என்று கேட்டதற்கு, "வாசிக்காதவனுக்கு அது மூஞ்சிய எதுக்குக் காட்டணும்?" என்றார். நாற்காலி கிடையாது. போனவுடன் என் கையை நீட்டினேன், விரல் அளவு எடுப்பார் என்று நினைத்து. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கைய மடக்கு பாய். கை பொய் சொல்லும். நீ வாசிக்கிற கிடார எட்தா. டைலராண்ட அளவு சட்டை குடுக்கறல்ல, அப்டித்தான். தேஞ்ச எடத்தப் பாத்துதான் நான் செய்வேன்."

"அதை எதுக்கு இங்க விடணும்? நான் வாசிக்கிறேன், நீங்க பாருங்க."

"பத்து நாள் இங்க இர்க்கட்டும். இஷ்டம் இல்லன்னா கெளம்பு."

எனக்கு அங்கேயே சந்தேகம் தட்டிவிட்டது. ஏசி தொழிலில் நான் பார்க்காததா, நல்ல கம்ப்ரஸரைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னுடையது நல்ல கிடார். இந்த ஆள் அதில் எதையாவது உருவிக்கொண்டால் யாரைப் போய்க் கேட்பது? அதனால் ஒரு வேலை செய்தேன். குரோம்பேட்டையில் மாஸ்டர் வீட்டுப் பரண்மேல் ஒரு பழைய கிடார் கிடந்தது. எனக்கு முன்னால் குழுவில் இருந்த வில்சன் என்பவர் விட்டுப்போனது என்று மட்டும் தெரியும், அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. மாஸ்டரிடம் கேட்டு அதை எடுத்துப் போய், இதுதான் என் கிடார் என்று தனபாலிடம் கொடுத்தேன்.

அவர் சாக்பீஸ் தூளைத் தேய்த்து, லென்ஸ் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"மூணு வெரல்லயா வாசிக்கிற?"

மடக்கிய கையைப் பின்னால் வைத்துக்கொண்டு ஆமாம் என்றேன். ஆளை ஆழம் பார்க்கிறான், பார்க்கட்டும் என்று நினைத்தேன்.

"இது உன்துதான?"

"பின்ன யாரோடது?"

ஒன்றரை மாதம் கழித்து, கோவிலம்பாக்கம் ரிசப்ஷனுக்கு முதல் நாள், கிடாரைக் கொடுத்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இடது கை மோதிர விரலைக் கம்பியில் வைத்தால் மட்டும் பிடி வழுக்கியது, கம்பி கரகரத்தது. மோதிர விரலை மடக்கிக்கொண்டு மற்ற மூன்று விரலால் வாசித்தால் வெண்ணெய் மாதிரி போனது. அவ்வளவு கோபம் வந்தது எனக்கு, ஆனால் என்னவென்று கத்துவது? அளவு கிடார் என்னுடையது இல்லை என்றால் என் பொய்தான் வெளியே வரும். பாலிஷ் சரியில்லை என்று கத்திவிட்டு வந்தேன்.

பெண் மேடைக்கு நடந்து வரும்போது வாசிக்க, மாஸ்டர் சொந்தமாகப் போட்ட மெதுவான மெட்டு ஒன்று உண்டு. அதில் ஒரு இடத்தில் மூன்று சுரத்தோடு அடியில் ஒரு கனமான சுரமும் சேர வேண்டும். அதைச் செல்வம் பேஸில் போடுவான். இப்போது நான்தான் போட வேண்டும், நாலு விரல் இல்லாமல் அது நடக்காது. மண்டபத்துக்குப் போனால் பிரதீப் கீபோர்டோடு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், சும்மா ஸ்டாண்ட்பைதான். டென்ஷன் ஆவாத," என்று சிரித்தான்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. "அந்த அடி சுரம் விழுந்தா நீ. விழலேன்னா அடுத்த புரோகிராம்லேர்ந்து அவன்," என்றார்.

பெண் நடந்து வந்தது. வாசித்தேன். அந்த இடம் வந்தபோது மோதிர விரலை மடக்கியேதான் வைத்திருந்தேன், வைத்தால் கரகரத்து மானம் போகும், விட்டால் சுரம்தானே போகும் என்று கணக்கு. ஆனால் சுரம் விழுந்தது. கனமாக, சுத்தமாக விழுந்தது, என் வயிற்றோடு ஒட்டியிருந்த கிடார் அதிர்ந்தது. நாலு தடவை அந்த இடம் வந்தது, நாலு தடவையும் விழுந்தது.

முடிந்ததும் மாஸ்டர் என் தோளில் தட்டினார். வேலை தப்பியது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. பிரதீப்தான் அடித்திருக்கிறான், பிறகு 'நான்தானே வாசித்தேன்' என்று சொல்லிக் காலை வாரப் போகிறான் என்று தோன்றியது. நேரே போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"லூசா மச்சான் நீ? நீ காலியானா எனக்கு வேலை. நான் எதுக்கு உனக்காக வாசிக்கணும்?"

நியாயமான கேள்விதான், ஆனாலும் நம்பவில்லை. வீடியோகாரரை நச்சரித்து விசிடியில் ஒரு காப்பி வாங்கி, பட்டப்பகலில் வீட்டில் போட்டுப் பார்த்தேன். கேமரா பெண்ணை விட்டு எங்கள் பக்கம் திரும்புகிறது. பிரதீப் ஒரு கையில் பாதாம் பால், இன்னொரு கையில் செல்போன். பக்கத்தில் நான், மோதிர விரல் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடக்கிறது. சுரம் கேட்கிறது. நிறுத்தி நிறுத்திப் பதினைந்து தடவையாவது பார்த்திருப்பேன். என் மனைவி நசீமாவும் பார்த்தாள். "டிவியை அணைங்க," என்றாள்.

மறுநாள் மாஸ்டரிடம் போய் வில்சனைப் பற்றிக் கேட்டேன்.

"நல்ல வாசிப்புடா. சின்ன வயசுல ஷட்டர்ல மாட்டி மோதிர விரல் நுனி போச்சு. அப்போ நமக்கு பேஸ் கிடையாது, அவன்தான் எல்லாம். நம்ம மெட்டுல அந்த அடி சுரம் மட்டும் அவனால தொடவே முடியல. ஒவ்வொரு கல்யாணத்துலயும் அந்த இடத்துல மூஞ்சி சுருங்கிடும். ஒருநாள் கிடாரை என் வீட்ல வச்சிட்டுப் போனவன்தான், திரும்பி வரல. இருக்கானா இல்லையான்னே தெரியாது."

தனபாலிடம் போய் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப அவருக்குத்தான் செஞ்சிகீறேன். நீ தூக்கினு போயிட்ட," என்றார். வேறொன்று செய்து தரக் கேட்டேன். முடியாது என்றார். அந்தக் கிடாரைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் சம்மதிக்கவில்லை. எனக்கும் அதை விட்டால் பிழைப்பு இல்லை, அந்தச் சுரம் கேட்கிறவரைக்கும்தான் மாஸ்டருக்கு நான் வேண்டும். அதிலேயே வாசித்தேன், இன்றைக்கும் அதே குழுவில்தான் இருக்கிறேன்.

கிடார் வாசிக்கிறவன் விரல் நுனி காய்த்துப்போகும், எல்லோருக்கும் தெரியும். நோன்பு மாதம் முழுக்க நான் கிடாரைத் தொடமாட்டேன், உறையை மூடி பீரோ மேல் வைத்துவிடுவேன். முப்பது நாளில் மூன்று விரலிலும் காய்ப்பு உரிந்து தோல் மெத்தென்று ஆகிவிடும். மோதிர விரல் மட்டும், வாங்கிய நாளுக்குப் பிறகு ஒரு தடவைகூட அந்தக் கிடார் கம்பியில் நான் வைக்காத விரல், கல் மாதிரி காய்த்தே இருக்கிறது. பிளேடால் சீவினால் நாலு நாளில் திரும்ப வருகிறது. ஸ்பேனர் பிடிக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று நசீமா சொன்னாள். சரி என்று நானும் இருந்தேன், போன நோன்புப் பெருநாள் காலையில் தொழுகைக்குக் கை கழுவும்வரை. அந்த விரல் நுனியின் குறுக்கே, தடித்த கம்பி அழுத்திய பள்ளம். அப்போதுதான் கம்பியிலிருந்து விரலை எடுத்த மாதிரி, சிவப்பாக.