எலிக்கு ஒரு நன்றி

போன வாரம் அரியலூரில் ஒரு வளைகாப்பு. மண்டபம் நிறையக் கூட்டம். யாரோ ஒருவர் என் மகளின் மாமியாரிடம், "ஒங்க மருமவ எதுல ஆராய்ச்சி பண்ணுது?" என்று கேட்டார்.

"கர்ப்பப்பைல!" என்றார் சம்பந்தியம்மா, நாலு வரிசைக்குக் கேட்கும்படி.

நான் நெளியவில்லை. இரண்டு வருடம் முன்பென்றால் எழுந்து பந்திக்கு ஓடியிருப்பேன்.

அன்று இவர்கள் செந்துறையிலிருந்து பெண் பார்க்க வந்தபோது, "பொண்ணு கம்ப்யூட்டர்ல ஆராய்ச்சி பண்றா" என்று பொய் சொன்னவன் நான். கெமிஸ்ட்ரி வாத்தியார்தான்... ஆனால் நாலு பேர் நடுவில் கர்ப்பப்பை என்று சொல்ல வாய் வரவில்லை. சம்பந்தம் நழுவிவிடுமோ என்ற பயம்!

மாப்பிள்ளையின் அம்மா விடவில்லை. "கம்ப்யூட்டர்ல என்னம்மா பண்றே?"

மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கம்ப்யூட்டர் இல்லீங்கம்மா. எலி."

"எலியா? எங்க கடலைக் கொல்லையில நெறய கெடக்கு, வந்து புடிச்சிக்க!" என்றார் மாப்பிள்ளையின் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

"எலி சினையான நாலாம் நாள், கரு கர்ப்பப்பையில ஒட்டும்ங்க. ஒட்டுற எடத்துல மட்டும், அதுவரைக்கும் சும்மா இருந்த ஜீன் சிலது வேலை செய்ய ஆரம்பிக்கும். பக்கத்துல, கரு ஒட்டாத எடத்துல அப்படி நடக்காது. எந்தெந்த ஜீன்னு பாக்குறேன்."

சிரிப்பு நின்றது. நான் தரையைப் பார்த்தேன். போச்சு!

அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எனக்கு ரெண்டு தங்கலம்மா. பஸ்ல போனதாலதான்னு எங்க மாமியா சொன்னாங்க... நான் செஞ்ச தப்பா?"

"உங்களுக்கு ஏன்னு எனக்குத் தெரியாதுங்கம்மா. ஆனா கருவும் தயாரா இருக்கணும், அதே நேரத்துல கர்ப்பப்பையும் தயாரா இருக்கணும். எலிக்கு அந்த நேரம் ஒரு நாள்கூட இல்ல. உள்ள இவ்வளவு நடக்குது... பஸ்ஸு மேல பழி போடுறது சுலபம். உங்க மேல போடுறது அதவிடச் சுலபம்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகன் பக்கம் திரும்பினார். "டேய், இந்தப் பொண்ணுக்கு ஒன்னயப் புடிச்சிருந்தா எனக்குச் சம்மதம்."

கதவோரம் நின்ற என் மனைவி உள்ளே போய்விட்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். எங்கள் முதல் கருவும் தங்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், சோர்ந்து நின்றவளிடம் நான் சொன்னது — "கொடம் தூக்காதேன்னு சொன்னேன்ல?"

வந்தவர்களை பஸ் ஏற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போனேன். "அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். எதை என்று அவள் கேட்கவில்லை.

"அந்தக் கொடம் காலியாத்தாங்க இருந்துச்சு" என்றாள்.

உண்மையைச் சொன்ன மகளுக்கு நன்றி. கேட்கத் துணிந்த சம்பந்தியம்மாவுக்கு நன்றி. படித்தவனான எனக்கு ஒரே ஒரு மன்னிப்புக் கேட்க, இருபத்தெட்டு வருடமும் ஒரு எலியும் தேவைப்பட்டன!