சின்னத்தாயின் தனி அடுப்பு

எண்பத்திரண்டாம் ஆண்டு, செல்லூரில் வீடுவீடாக ரேஷன் கார்டுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அடுப்பில் உண்பவர் அனைவரும் ஒரே குடும்பம். அவர்களுடைய வருமானம் முழுவதும் ஒன்றாகவே கூட்டப்படும். ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வைத்த வரம்பைத் தாண்டினால் அரிசி கிடையாது. சின்னத்தாய் பயந்ததற்கு இந்த விதியே காரணம்.

கணவன் இறந்தபின், தறிக்கு நூல் சுற்றும் கூலியில்தான் பிள்ளைகளை வளர்த்தாள். குடியிருந்ததோ கணவனின் அண்ணன் முத்திருளன் வீட்டுப் பின்கட்டில். முத்திருளன் மில் தொழிலாளி. அவன் சம்பளத்தை இவள் கணக்கில் சேர்த்தால் கார்டு போய்விடும். சின்னத்தாய் தனியாகத்தான் உலை வைத்தாள். ஆனால் முத்திருளனின் மனைவி ஒச்சாயி அன்றாடம் குழம்பு கொடுப்பாள். சோறு தனி, குழம்பு ஒன்று என்றே அந்த வீடு பழகியிருந்தது.

ரேஷன் ஆய்வாளர் வந்து முன்கட்டுச் சட்டியைத் திறந்து பார்த்தார், பின்கட்டிலும் பார்த்தார். இரண்டிலும் அதே கருவாட்டுக் குழம்பு.

"ஒரே சமையல் மாதிரியில்ல இருக்கு?"

"இல்ல சார், நான் தனியாத்தேன் பொங்குறேன்."

அவர் பேனாவைத் திறந்தார். அந்நேரம், முந்தானையை இடுப்பில் செருகியபடி ஒச்சாயி வந்து நின்றாள்.

"அடியே, நான் தண்ணிக்குப் போன நேரம் பாத்துக் குழம்பக் களவாண்டுட்டியா? சார், இவளும் நானும் மொகம் பாத்துப் பேசி வருசமாச்சு. இவளோட எங்களச் சேத்து எழுதிராதீக!"

சொல்லிக்கொண்டே கண்ணைச் சிமிட்டினாள். சின்னத்தாய் குறிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாடி, எடுத்தேன்! அமிர்தம் பாரு, அளந்து வச்சிருக்கா!"

"திங்கிறது திருட்டுக் குழம்பு, வாய் மட்டும் வண்டியூர் வரைக்கும் நீளுது!"

"எம்மக மஞ்சக்காமாலையில கெடந்தப்ப, மச்சான்கிட்ட உதவின்னு ஒரு வார்த்தை கேக்கவிடாம கதவச் சாத்துனவதான நீ!"

ஒச்சாயி ஓரடி பின்வாங்கிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆய்வாளர் கையை உயர்த்தினார். "போதும்மா, போதும். இது ரெண்டு குடும்பந்தேன்." கையெழுத்திட்டுக் கார்டைச் சின்னத்தாயிடம் நீட்டிவிட்டு, அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

சின்னத்தாய் சிரிக்க முயன்றாள். "அக்கா, நல்ல நேரத்துல வந்த. உசிரே போயிருச்சு."

ஒச்சாயி செருகிய முந்தானையை மெல்ல உருவிவிட்டாள்.

"நான் சும்மாதான கத்துனேன்? அன்னிக்கு நான் கதவச் சாத்துனத நீ எம்புட்டு நாளா வயித்துல வச்சிருந்த?"

"அது... ஏதோ வாய்க்கு வந்தது, அக்கா."

"வாய்க்கு வந்ததா?" என்றாள் ஒச்சாயி. பதிலுக்கு நிற்காமல் முன்கட்டுக்குப் போனாள். சின்னத்தாய் கார்டை அடுப்பருகே வைத்துவிட்டு, ஒச்சாயி கொடுத்த குழம்பை மூடி வைத்தாள்.