பாதி மீசைக்கு மட்டும் டை

அன்று காலை மீசைக்கு டை அடித்தேன். வலது பாதி கறுத்தது, இடது பாதி நரையாகவே இருந்தது. கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு முழு மீசையும் கறுப்பாகத்தான் தெரிந்தது.

"ஏங்க, யாரச் சிரிக்க வெக்க இந்த வேசம்?" என்று என் மனைவி ராணி சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினாள். நான் எது செய்தாலும் ஊருக்குக் காமெடிதான். அந்தப் பெயரை வாங்க இருபது வருடம் உழைத்திருக்கிறேன்.

மதியம் களியில் வலது பாதியைத் தின்றுவிட்டு, "இன்னொரு உருண்டை போடு" என்றேன். மீதிக் களி தட்டிலேயே இருந்தது. இடது கையிலிருந்து சொம்பு நழுவியது. ராணியின் சிரிப்பு நின்றது.

தர்மபுரியில் மருத்துவர் பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்கு ரத்தம் போகாமல் தடைபடுவது) என்றார். "காலையிலயே வந்திருந்தா ரத்தக்கட்டியக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம். ஏம்மா இவ்ளோ லேட்டு?"

"வெளையாடறாருன்னு நெனச்சிட்டேன் சார். இவரு எப்பவும் இப்படித்தாங்க."

உங்கள் வீட்டிலும் என்னைப்போல ஒரு கோமாளி இருந்தால், சிரித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

மூன்று மாதத்தில் கைகால் ஓரளவு திரும்பின. இடது பக்கம் என்று ஒன்று இருக்கிற நினைப்பு மட்டும் திரும்பவில்லை. இதற்கு நெக்லெக்ட் (கண் நன்றாக இருந்தும் மூளை ஒரு பக்கத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது) என்று பெயர். "ரோட்டுல தனியா போவாதீங்க" என்றார் மருத்துவர். எங்கள் வீடு மொரப்பூர் சாலைக்கு இந்தப் பக்கம். நிலமும் டீக்கடையும் அந்தப் பக்கம். இனி யாராவது கைபிடித்துக் கூட்டிப்போனால்தான் என் காட்டை நான் பார்க்க முடியும்.

"நாட்டோட எல்லையவே காத்தவன். ரோட்டத் தாண்ட ஆள் வேணுமா எனக்கு?"

"குதிரையில போயி காத்தீங்களாக்கும்!" என்றாள் ராணி.

நான் இருந்தது குதிரைப்படை. பெயரில்தான் குதிரை, ஓட்டியது டாங்கி. போர் எந்நேரமும் மூளலாம் என்று ராஜஸ்தான் எல்லையில் மாதக்கணக்கில் நின்றோம். ஒட்டகம் என் பனியனைத் தின்ற கதையையெல்லாம் கடிதத்தில் எழுதுவேன். ராணி தெருவுக்கே வாசித்துக் காட்டுவாள்.

எழுதாத ஒன்றை அன்று சொன்னேன். கண்ணிவெடி புதைத்த நிலத்தில் ஒற்றை வழி. புழுதியில் கீழே இருந்த எனக்கு வழி தெரியவில்லை, காதில் மாட்டியிருந்த ரேடியோவும் செத்துவிட்டது. கமாண்டர் மேலிருந்து இறங்கி, தலையை வெளியே நீட்டி ஓட்டிக்கொண்டிருந்த எனக்குப் பின்னால் டாங்கியின் மேலேயே உட்கார்ந்தார். இடது தோளில் அவர் பூட்ஸ் பட்டால் இடது, வலது தோளில் பட்டால் வலது. வெளியே வந்தபோது என் பேன்ட் நனைந்திருந்தது.

ராணி சிரிக்கவில்லை. "இத ஏன் எழுதல?"

"எழுதியிருந்தா நீ தூங்கியிருப்பியா?"

"அன்னிக்கும் சிரிப்பு காட்டியே ஏமாத்திப்புட்டீங்க. அதனாலதாங்க உங்க மீசையப் பாத்தும் எனக்குப் பயம் வரல."

 

மறுநாளிலிருந்து அவள் எனக்குப் பின்னால் நடந்தாள். பத்து அடிக்கு ஒருமுறை இடது தோளில் ஓர் அடி. அடி விழுந்தால் தலையை இடப்பக்கம் திருப்ப வேண்டும். பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்ட், "நல்லாப் பண்றீங்கம்மா" என்றார். அதற்குப் பிறகு அடி இன்னும் பலமாக விழுந்தது. தட்டுவது வாரம் வாரம் குறைந்தது. ஒரு திங்கட்கிழமை அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"போயிட்டு வாங்க."

சாலை ஓரத்தில் நின்றேன். உங்களுக்கு இடது பக்கம் தானாக வந்து நிற்கும். நான்தான் அதைத் தேடிப் போக வேண்டும். தாடை தோளைத் தொடும்வரை கழுத்தைத் திருப்புகிறேன். முதலில் புளியமரம் வருகிறது, பிறகு ஒரு ஆடு, பிறகு தூரத்தில் ஒரு லாரி. உங்களுக்கு ஒரு கணம் ஆகிற வேலைக்கு எனக்கு ஒரு பொழுதே ஆகிறது.

இப்போது பாதிச் சாலையில் நின்று மறுபடி இடப்பக்கம் பார்க்கிறேன். லாரிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு ஹாரன் அடிக்கிறார். அடிக்கட்டும். நான் இன்னும் பார்த்து முடிக்கவில்லை.